மலைநாட்டுக்குப் பிள்ளைகளோடு போக: கட்டுபடியான விலையில் நல்ல தங்குமிடம் பிடிக்கும் வழி

நுவரெலியாவில் ஒரு விடுதிக்கு முதன்முதலாகத் தொலைபேசி எடுத்தபோது நான் கேட்டது ஒரே கேள்விதான்: “சுடுதண்ணி இருக்கோ?” “இருக்கு மேடம்” என்றார் மறுமுனையில் இருந்த தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. கூரையில் சூரிய வெப்பத்தில் தண்ணீரைச் சூடாக்கும் தாங்கி இருந்தது. ஆனால் நாங்கள் போய் இறங்கிய நாள் விடியலிலிருந்தே பனிமூட்டம். பின்னேரம் ஆறரைக்குக் குழாயைத் திறந்தால் ஐஸ் தண்ணி. கீழே போய்க் கேட்டேன். “வெயில் அடிச்சா வரும் மேடம்” என்றார் அதே தம்பி, மிகவும் பணிவாக.

அன்றிரவு என் நாலு வயது மகள் காலுக்கு ஒரு சோடி, கைக்கு ஒரு சோடி என்று காலுறை போட்டுக்கொண்டு தூங்கினாள். மெத்தையில் கை வைத்தால் ஈரமோ என்று சந்தேகம் வரும் சில்லிப்பு. சுவர் மூலையில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். சன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் அந்த மணம். படத்தில் பார்த்து நாங்கள் மயங்கிய தேயிலைத் தோட்டம் வெளியே இருட்டில் எங்கேயோ கிடந்தது.

அதற்குப் பிறகு நாலைந்து தரம் பிள்ளைகளோடு மேலே போய் வந்துவிட்டோம். என் கணக்கு இப்போது மிகவும் எளிது: மலைநாட்டில் அறைக்குக் கொடுக்கிற காசு இரவுக்குக் கொடுக்கிற காசு. பகலில் நீங்கள் அறையில் இருக்கப்போவதே இல்லை. பின்னேரம் ஆறரைக்கு இருட்டிக் குளிர் இறங்கிவிட்டால், எங்கள் யாழ்ப்பாணத்தில் போலப் பிள்ளைகளை முற்றத்தில் ஓட விட முடியாது. விடிய ஏழு மணி மட்டும், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல், எல்லோரும் அந்த நாலு சுவருக்குள்தான். அந்த நேரத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள எல்லாவற்றையும் சொல்கிறேன்.

முதல் படி: உயரத்தைப் பார்த்து ஊரைத் தெரிவு செய்யுங்கள்

ஹோட்டல் தேடுவதற்கு முன் ஊரை முடிவு செய்ய வேண்டும். மேலே ஏற ஏற, ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். யாழ்ப்பாணம் கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. கண்டி சுமார் 500 மீற்றர். எல்ல 1,000 மீற்றரைக் கொஞ்சம் தாண்டும், பண்டாரவளை 1,200 சொச்சம், ஹப்புத்தளை 1,400 சொச்சம், நுவரெலியா 1,868. ஆக, இங்கே 30 பாகை வெயில் அடிக்கும் ஒரு மத்தியானத்தில் எல்லவில் 23 அளவில் இருக்கும், நுவரெலியாவில் 18. இரவில் நுவரெலியா 10, 12 பாகைக்கு இறங்குவது வழமை. ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்லில் உறைபனியே படியும். விசிறியைக் கூட்டி வைத்துக்கொண்டு தூங்கிப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு இது சின்ன மாற்றம் இல்லை.

இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையோ, தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையோ கூட வந்தால் நுவரெலியாவில் தங்காமல், பகலில் போய்ப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பண்டாரவளையில் தங்கினால் எல்ல அரை மணித்தியால ஓட்டம். ஒன்பது வளைவுப் பாலம், இராவணா நீர்வீழ்ச்சி எல்லாம் அங்கிருந்தே பார்த்துவிடலாம். எல்ல இப்போது வெளிநாட்டு இளையவர்களின் ஊர்; அங்கே பல விடுதிகள் செங்குத்தான ஒழுங்கைகளின் உச்சியில் இருக்கின்றன. காட்சிக்காகவே விலை ஏறுகிறது. பண்டாரவளையோ சாதாரணச் சந்தை ஊர். மருந்துக்கடை, பேக்கரி, பழக்கடை எல்லாம் நடந்து போகும் தூரத்தில். அதே காசுக்குப் பெரிய அறை கிடைப்பதும் அங்கேதான் என்பது என் அனுபவம். சேவல் சண்டை போடுகிற வயதில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் பெரிய அறையின் அருமை தெரியும்.

ஐந்து ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு நுவரெலியாதான் கொண்டாட்டம். கிரகரி வாவி, விக்டோரியா பூங்கா, 1861இல் தொடங்கிய ஹக்கல தாவரவியல் பூங்கா, சீதா எலியவில் சீதை அம்மன் கோயில், அம்பேவெல மாட்டுப் பண்ணை என்று ஒரு நாளில் முடியாத அளவுக்கு இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியைச் சின்னப் பிள்ளைகளோடு நான் சேர்க்க மாட்டேன். விடிய ஐந்துக்கு எழுப்பி, ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் நடக்க வைத்து, கடைசி மூன்று கிலோமீற்றருக்கு அப்பா தூக்கிக்கொண்டு வருவதை அங்கே நிறையவே காணலாம்.

இன்னொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே மூச்சில் நுவரெலியா போகத் திட்டம் போடாதீர்கள். ஏ9 வழியே கண்டிக்கே 320 கிலோமீற்றர் வரும். முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, வவுனியாவில் சாப்பிட்டு, இடையில் நாலு தரம் “அம்மா, சலம் வருது” என்று நிறுத்தினால் எட்டு மணித்தியாலம் போய்விடும். கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர்தான், ஆனால் றம்பொடை வளைவுகளில் வயிற்றைப் பிரட்டிக்கொண்டு மூன்று மணித்தியாலம். இருட்டில், பனிமூட்டத்தில், வாந்தி எடுத்த பிள்ளையோடு போய் இறங்குகிற குடும்பத்துக்கு அறையைப் பார்த்து “இது வேண்டாம்” என்று சொல்ல வாயே வராது. முதல் இரவைக் கண்டியிலோ மாத்தளையிலோ மலிவான, சுத்தமான ஓர் அறையில் கழியுங்கள். அங்கே விசிறி சுற்றினால் போதும். மிச்சம் பிடிக்கும் காசை மேலே உள்ள அறைக்குப் போடுங்கள்.

இரண்டாம் படி: நாளைத் தெரிவு செய்யுங்கள்

ஏப்ரல் விடுமுறைதான் எல்லோருக்கும் வசதி. அதனால்தான் அது வசதியில்லை. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகால விழா, மலர்க்கண்காட்சி, குதிரைப் பந்தயம். கொழும்பு முழுவதும் அங்கே ஏறிவிடும். அறை விலை இரட்டிப்பாவது அப்போது புதுமை இல்லை. புத்தாண்டு கழிந்து நாலைந்து நாள் விட்டுப் போனாலே வித்தியாசம் தெரியும்.

ஓகஸ்ட் விடுமுறையில் எங்களுக்கு நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். அதற்குள் போனால் மாமி முகம் பார்க்க மாட்டா. கண்டியிலும் எசல பெரஹெராக் காலத்தில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. இரண்டையும் தவிர்த்து ஒரு கிழமை கிடைத்தால் எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் போங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நுவரெலியா நனையும்போது இந்த ஊர்கள் இருக்கும் ஊவாப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை ஊவாவில்தான் நல்ல மழை. ஜனவரி கடைசி தொடங்கி மார்ச் வரை இரண்டு பக்கமும் நன்றாக இருக்கும், விலையும் இறங்கியிருக்கும், ஆனால் பள்ளிக்கூடம் இருக்கும். பொங்கலையோ சிவராத்திரியையோ ஒட்டி ஒரு நீண்ட வார இறுதி அமைந்தால் விடாதீர்கள்.

சனி இரவைவிட ஞாயிறு இரவு மலிவு. அமைதியும் கூட. சனிக்கிழமை கந்தோர்க் கூட்டங்கள் பஸ் பிடித்து வந்து, முற்றத்தில் நெருப்பு மூட்டி, ஸ்பீக்கர் வைத்து விடிய விடிய ஆடும். போயா நாளில் சாராயம் விற்கக் கூடாது என்பதால், அன்றிரவு பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்பது எங்கள் வீட்டில் இவர் கண்டுபிடித்த தத்துவம். பெரும்பாலும் பலிக்கிறது. (வரும்போதே போத்தல் கொண்டுவருகிற கூட்டத்துக்கு இது பொருந்தாது.)

மூன்றாம் படி: அறை விலையை அல்ல, இரவின் முழுச் செலவைக் கூட்டுங்கள்

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நான் கொப்பியில் இப்படி எழுதுவேன். முதல் விடுதி, அறை மட்டும் 9,000 ரூபா. மேலதிக மெத்தை 2,500. நாலு பேருக்குக் காலைச் சாப்பாடு வெளியே 3,600. வான் சாரதிக்குத் தங்குமிடம் 2,500. மொத்தம் 17,600. இரண்டாவது விடுதி, குடும்ப அறை, காலைச் சாப்பாட்டோடு 14,000, சாரதிக்கு அறை இலவசம். “விலை கூடிய” இரண்டாவது விடுதி 3,600 ரூபா மலிவு. இது உதாரணக் கணக்குத்தான், விலைகள் மாறும். ஆனால் இந்த நாலு வரியையும் எழுதாமல் எந்த விடுதியையும் இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள்.

சாரதியை மறக்கவே கூடாது. ஹயருக்கு வான் பிடித்துப் போகிற எங்களுக்கு இது சொந்தச் செலவுதான். சாரதி அறை இல்லாத விடுதியில் அந்த மனுசன் குளிரில் வானுக்குள் சுருண்டு படுத்துவிட்டு, விடியத் தூக்கக் கலக்கத்தோடு உங்கள் பிள்ளைகளை வளைவுகளில் கொண்டுபோவார். இது சிக்கனம் இல்லை. சாரதியே “எனக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு” என்று சொன்னால் கேளுங்கள், ஆனால் அங்கே அவருக்குக் கமிஷன் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு விலையை நீங்களே ஒருமுறை நேரடியாகக் கேளுங்கள்.

அடுத்தது வரி. பெரிய ஹோட்டல்கள் விலைக்குப் பின்னால் “பிளஸ் பிளஸ்” என்று ஒரு வால் வைத்திருக்கும். சேவைக் கட்டணம் 10 வீதம், அதன் மேல் பெறுமதி சேர் வரி. அது 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். 15,000 என்று சொன்ன அறை 16,500 ஆகி, பிறகு 19,470 ஆகிவிடும். சின்ன விடுதிகளில் பொதுவாக இது இருக்காது. “எல்லாம் சேர்த்து, கடைசியாக எவ்வளவு கட்ட வேண்டும்?” என்ற ஒரு கேள்வியில் இது தீர்ந்துவிடும்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சொந்தத்தோடு போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பல இடங்களில் உள்ளூராருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு டொலரில் இன்னொரு விலை. பெரியண்ணா தன் கைத்தொலைபேசியில் அங்கிருந்தே பதிவு செய்தால் டொலர் விலைதான் விழும். இங்கே அடையாள அட்டை வைத்திருக்கிறவர் பெயரில், ரூபாயில், உள்ளூர் விலை கேட்டு அறை எடுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களும் வருகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாசலில் வைத்துத் தகராறு படுவதைவிட அது நல்லது.

நாலாம் படி: எந்த மாதிரித் தங்குமிடம்?

இரண்டு குடும்பம் சேர்ந்து போனால், அதாவது எட்டுப் பேர் தாண்டினால், குசினியோடு முழு பங்களா எடுப்பதுதான் லாபம். அரிசி, மா, வீட்டுத் தூள், ஒரு பெரிய சட்டி கொண்டுபோனால் போதும். நுவரெலியாச் சந்தையில் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு அப்படியே தோட்டத்திலிருந்து வருகிறது. ஆனால் எரிவாயு சிலிண்டர் அவர்களுடையதா, பாத்திரங்கள் உள்ளனவா, சமைத்துத் தரும் ஆள் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் விடுமுறை பெண்களுக்கு மட்டும் இருக்காது. குசினி மாறியதுதான் மிச்சம். எங்கள் வீட்டில் இப்போது சட்டம்: காலைச் சாப்பாடு ஆண்கள் பாடு.

வீட்டில் அரச உத்தியோகத்தரோ வங்கி உத்தியோகத்தரோ இருந்தால் முதலில் சேர்கிட் பங்களா, விடுமுறை விடுதி கிடைக்குமா என்று விசாரியுங்கள். பல திணைக்களங்களுக்கும் வங்கிகளுக்கும் மலைநாட்டில் இடம் உண்டு. அலங்காரம் பழசாக இருக்கும், ஆனால் அறைகள் பெரிசு, சமையற்காரர் பெரும்பாலும் கைதேர்ந்தவர், விலையோ நம்ப முடியாத அளவு குறைவு. விடுமுறைக் காலத்துக்கு மிக முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

ஒரு குடும்பம் மட்டும் என்றால், வீட்டுக்காரரே கீழ்மாடியில் குடியிருக்கும் விருந்தினர் விடுதி எனக்குப் பிடிக்கும். நடுச்சாமம் குழந்தைக்குப் பால்மா கரைக்கச் சுடுதண்ணி வேண்டுமென்றால் கதவைத் தட்டலாம். நட்சத்திர ஹோட்டலில் நீச்சல் தடாகம் இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். சூடாக்காத தடாகத்தில் நுவரெலியாக் குளிரில் யாரும் இறங்கப்போவதில்லை.

ஐந்தாம் படி: இணையத்தில் பார்க்கும்போது

புக்கிங் தளங்களில் தேடும்போது பிள்ளைகளின் வயதைச் சரியாகப் போடுங்கள். “பிள்ளைதானே” என்று விட்டால் வாசலில் மேலதிகக் கட்டணம் கேட்பார்கள். ஐந்து வயதுக்குக் கீழே இலவசம், அதற்கு மேல் பன்னிரண்டு வரைக்கும் பாதி என்பது பரவலான வழக்கம், ஆனால் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு மாதிரி.

விருந்தினர் கருத்துகளில் புள்ளி குறைவாகப் போட்டவற்றை முதலில் வாசியுங்கள். அதிலும் கடைசி ஆறு மாதத்தை மட்டும். “சாப்பாடு தாமதம்” என்று ஒருவர் எழுதியதை விட்டுவிடலாம். ஈரம், மணம், குளிர், சுடுதண்ணி, படி, சத்தம் என்ற சொற்கள் இரண்டு பேருடைய எழுத்தில் வந்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போங்கள். விடுதி போட்ட படத்தைவிட, தங்கியவர்கள் கைத்தொலைபேசியில் எடுத்த படம் உண்மை சொல்லும். சுவர் மூலை, குளியலறைத் தரை, பல்கனிக் கம்பி, இந்த மூன்றும் தெரிகிறதா என்று தேடுவேன்.

பிறகு கூகுள் மேப்பில் செய்மதிப் படத்தைத் திறந்து பாருங்கள். பிரதான வீதியிலிருந்து விடுதிக்குப் போகும் பாதை பாம்புபோல வளைந்தால் சந்தேகப்படுங்கள். ஒருமுறை எல்லவில் எங்கள் ஹையேஸ் வான் பாதிவழிக்கு மேல் ஏறவே இல்லை. பெட்டிகளை முச்சக்கர வண்டியில் மூன்று தடவையாக ஏற்றினோம், ஒவ்வொரு தடவைக்கும் காசு. மாமி கடைசி நாற்பது படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினா. விடுதி நல்ல விடுதிதான். இரண்டு நாளும் அவ கீழே இறங்கவே இல்லை.

ஆறாம் படி: தொலைபேசி எடுங்கள்

எவ்வளவுதான் இணையத்தில் பார்த்தாலும், காசு கட்டும் முன் ஒருமுறை கதைக்க வேண்டும். நுவரெலியா, அட்டன், பண்டாரவளைப் பக்கம் விடுதிகளில் வேலை செய்பவர்களில் நிறையப் பேர் மலையகத் தமிழர்கள். தமிழிலேயே கேட்கலாம். எல்லவில் சிங்களமோ ஆங்கிலமோ தேவைப்படும்.

“இருக்கா, இல்லையா” என்று பதில் வரும் கேள்வி கேட்காதீர்கள். எங்கள் ஆட்களுக்கு வாடிக்கையாளரிடம் “இல்லை” என்று சொல்ல மனம் வராது. “எப்படி, எத்தனை, எத்தனை மணிக்கு” என்று கேட்டால்தான் உள்ளது வெளியே வரும். சென்ற முறை நான் கதைத்தது இப்படித்தான் போனது.

“தம்பி, சுடுதண்ணி எதில சூடாக்கிறீங்கள்?”

“கரண்டு கீஸர் மேடம், பாத்ரூம்ல இருக்கு.”

“கரண்ட் போனால்?”

“ஜெனரேட்டர் இருக்குங்க. ஆனா அதுல கீஸர் வேலை செய்யாது. லைட்டு மட்டும்தான். வேணும்னா கிச்சன்ல வச்சுத் தர்றோம்.”

இந்தப் பதிலில்தான் எனக்கு அந்த விடுதியில் நம்பிக்கை வந்தது. குறை இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்கிறார், வழியும் வைத்திருக்கிறார். அங்கேதான் தங்கினோம். கரண்டும் போனது, வாளியில் சுடுதண்ணியும் வந்தது.

நான் வழக்கமாகக் கேட்பவை இவை. கைத்தொலைபேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

- குடும்ப அறையில் எத்தனை கட்டில், என்ன அளவு? தரையில் போடும் மெத்தை என்றால் கீழே கம்பளம் இருக்கிறதா?
- ஆளுக்கு எத்தனை கம்பளி? மேலதிகமாக எடுக்கலாமா?
- அறை எந்த மாடியில்? வான் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி?
- பல்கனிக் கம்பிகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி?
- இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? உறைப்பில்லாமல் பிள்ளைகளுக்கு என்ன தருவீர்கள்?
- அன்றிரவு கலியாணமோ, பார்ட்டியோ இருக்கிறதா?
- சாரதிக்கு அறையும் சாப்பாடும் உண்டா?
- எல்லாம் சேர்த்துக் கடைசி விலை?

பல்கனியைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கம்பி இடைவெளி நாலு அங்குலத்துக்கு மேல் என்றால் சின்னப் பிள்ளை தலையை நுழைக்கும், உடம்பும் போகும். மலைச்சரிவில் கட்டிய விடுதியில் “முதலாம் மாடி” என்பது பின்பக்கத்தில் நாலாம் மாடி உயரமாக இருக்கும். தவழும், நடை பழகும் பிள்ளையோடு போகிறவர்கள் பல்கனி இல்லாத அறையைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு விலையும் குறைவு.

சாப்பாட்டு நேரமும் முக்கியம். எட்டு மணிக்குத்தான் இரவுச் சாப்பாடு என்றால், பகலெல்லாம் ஓடிய பிள்ளை ஏழரைக்கே தூங்கிவிடும். கட்டின காசு வீண். ஏழு மணிக்குத் தருவீர்களா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். வெள்ளிக்கிழமை சைவம், விரதம் என்றால் ஹாஃப் போர்ட் (காலை, இரவுச் சாப்பாடு இரண்டும் சேர்த்த விலை) எடுக்காமல் காலைச் சாப்பாட்டோடு மட்டும் எடுங்கள். நுவரெலியா, பண்டாரவளை நகரங்களில் சைவக் கடைகள் இருக்கின்றன. கோழிக்கும் சேர்த்துக் காசு கட்டிவிட்டு பருப்பும் சோறும் சாப்பிட வேண்டியதில்லை.

ஏழாம் படி: முற்பணம்

முழுக் காசையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். பாதி, அல்லது ஓர் இரவுக்கான காசு போதும். முகநூலில் அழகான பங்களாப் படம் போட்டு, முற்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பிள்ளைகளோடு போய், பூட்டிய கேற்றுக்கு முன்னால் நின்றிருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்கு விஷயமே தெரியாது. வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் அறையைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான விடுதிக்காரர் இரண்டு நிமிடத்தில் காட்டுவார். காசு அனுப்பியதும் திகதி, அறை வகை, ஆட்கள், பிள்ளைகளின் வயது, கடைசி விலை, சாரதி அறை எல்லாவற்றையும் ஒரே செய்தியாக எழுதி அனுப்பி, “ஓகே” வாங்குங்கள். வாசலில் அந்தச் செய்திதான் உங்கள் ரசீது.

வராமல் விட்டால் காசு திரும்புமா என்பதையும் அந்தச் செய்தியிலேயே எழுதிக் கேளுங்கள். பிள்ளைகளோடு திட்டம் போடுகிறவர்களுக்கு முதல் நாள் இரவு காய்ச்சல் வருவது புதினமில்லை.

மழை, மண்சரிவு

இதற்குப் படி எண் போடவில்லை, ஏனென்றால் இது எல்லாப் படிக்கும் மேலே. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டதை எல்லோரும் பார்த்தோம். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவில் வீடுகளோடு ஆட்களே போனார்கள். வீதிகளும் ரயில் பாதையும் உடைந்தன. அதனால் ரயிலில் போகத் திட்டமென்றால், எந்த நிலையம் வரைக்கும் ஓடுகிறது என்பதை ரயில் நிலையத்தில் கேட்டு உறுதி செய்த பிறகே அறை பதிவு செய்யுங்கள்.

விடுதியின் பின்பக்கம் மலையைச் செங்குத்தாக வெட்டி, தாங்கு சுவர் இல்லாமல் விட்டிருந்தால் அங்கே தங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். தரையில் புதிய வெடிப்பு, சரிந்து நிற்கும் மரம் அல்லது கம்பம், திடீரென்று கலங்கலாக வரும் ஊற்று, இவை கெட்ட அறிகுறிகள். புறப்படும் முதல் நாளும் அன்றும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். பிரதேச செயலகப் பிரிவு வாரியாகச் சொல்வார்கள். உங்கள் விடுதி எந்தப் பிரிவில் என்று கேட்டு வைத்திருந்தால்தான் அது பயன்படும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, இலவச அம்புலன்சுக்கு 1990. சாரதியின் தொலைபேசியிலும் இரண்டையும் பதிந்துவிடுங்கள்.

எட்டாம் படி: பெட்டியை இறக்கும் முன்

போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் பாய்ந்து இறங்குவார்கள். இறங்கட்டும். பெட்டிகள் மட்டும் வானிலேயே இருக்கட்டும். நீங்கள் ஒருவர் அறைக்குப் போய்ப் பாருங்கள்.

சுடுதண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, அது ஓடும் நேரத்தில் மற்றதைப் பாருங்கள். கட்டில் விரிப்பை ஒரு மூலையில் தூக்கி மெத்தையில் உள்ளங்கையை வையுங்கள். சில்லென்று இருப்பது குளிர். கையை எடுத்த பிறகும் பிசுபிசுத்தால் ஈரம். கம்பளியை மூக்கருகில் கொண்டுபோங்கள். அலுமாரியைத் திறந்து மணந்து பாருங்கள், பூஞ்சணம் முதலில் அங்கேதான் தெரியும். சன்னல் கொளுக்கி பூட்டுகிறதா, கதவின் உட்பூட்டு பிள்ளைக்கு எட்டுகிறதா, கேத்திலின் வயர் தொங்குகிறதா என்று பாருங்கள். குளியலறையில் எரிவாயுவில் இயங்கும் சூடாக்கி இருந்தால் அங்கே காற்றோட்டச் சன்னல் திறந்தே இருக்க வேண்டும். குளிருக்குத் தணல் சட்டி கொண்டுவந்து தரட்டுமா என்று சில இடங்களில் அன்பாகக் கேட்பார்கள். மூடிய அறைக்குள் அது வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும். இதற்குள் தண்ணி சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை, மெத்தை ஈரம் என்றால் அப்போதே, சிரித்த முகத்தோடு, வேறு அறை கேளுங்கள். பெட்டி இறங்காத வரைக்கும் அவர்கள் மாற்றித் தருவார்கள். இறங்கி, பிள்ளைகள் கட்டிலில் துள்ளத் தொடங்கிய பிறகு “நாளைக்குப் பார்க்கலாம் மேடம்” என்பதுதான் பதில்.

அறை சரி என்றால், இருட்டும் முன்பே பிள்ளைகளைக் குளிப்பாட்டி, காலுறையும் தொப்பியும் போட்டுவிடுங்கள். பிளாஸ்கில் சுடுதண்ணி நிரப்பிக் கட்டில் பக்கத்தில் வையுங்கள். கரம் போர்ட் இருக்கிறதா என்று வரவேற்பில் கேளுங்கள். பல விடுதிகளில் ஒரு மூலையில் தூசு படிந்து கிடக்கும். இல்லாவிட்டால் ஒரு கட்டு கடதாசி. இன்னும் ஆறரை மணிதான் ஆகியிருக்கும்.